சிகிச்சை எப்படி இருந்தது? மனநல, போதை மீட்பு சேவைகளில் நோயாளியும் குடும்பமும் காணும் அனுபவம்

குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரித்ததும், நல்லபடியாக நடந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். மனச்சிதைவுக்கும் (ஸ்கிசோஃப்ரினியா) குடிநோய்க்கும் அப்படியொரு நாள் வருவதில்லை. மாத்திரை ஆண்டுக்கணக்கில் நீளும். நிறுத்தியவர் மறுபடி குடிக்கலாம், மறுபடி நிறுத்தலாம். அதனால் இந்த நோய்களில் பெரிய கேள்வியே, நோயாளி மருத்துவமனைக்குத் திரும்ப வருவாரா என்பதுதான். போன முறை வந்தபோது அவருக்கும் கூட வந்தவருக்கும் அங்கே என்ன நடந்தது என்பதைப் பொறுத்துத்தான் பெரும்பாலும் அது முடிவாகிறது.

மருத்துவத் துறையில் இதை 'நோயாளி அனுபவம்' என்கிறார்கள். திருப்தி என்பது வேறு. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு படிவத்தை நீட்டி, "எல்லாம் நல்லா இருந்துச்சாம்மா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அடுத்த மாதம் மாத்திரை வாங்க அதே கவுண்டரில் வந்து நிற்க வேண்டும். "நல்லா பாத்துக்கிட்டாங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அனுபவத்தை அறிய விரும்புகிறவர்கள் வேறு விதமாகக் கேட்பார்கள். மருந்தின் பக்கவிளைவை யாராவது உங்களுக்கு எடுத்துச் சொன்னார்களா? சிகிச்சை பற்றி முடிவெடுக்கும்போது உங்களைக் கேட்டார்களா? வார்டில் பயமில்லாமல் தூங்க முடிந்ததா? வீட்டுக்குப் போனபின் நிலைமை திடீரென்று மோசமானால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியுமா? நடந்ததா இல்லையா என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இவை. 'இல்லை' என்று பதில் வந்தால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் உடனே தெரிந்துவிடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மனநல சேவை, போதை சேவை இரண்டுக்கும் பொதுவாக இப்படியொரு கேள்வித்தாளை உருவாக்கியிருக்கிறார்கள். நோயாளிகள் மட்டுமின்றி அவர்களுடைய குடும்பத்தினரும் அதற்குப் பதில் தரலாம்.

குடும்பத்தாரிடம் எதற்காகக் கேட்க வேண்டும் என்ற சந்தேகம் நம் நாட்டில் எழவே கூடாது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரம் போட்டு உறவினர்களை நோயாளிகளோடு தங்கவைத்தார். மனநோயாளி என்றால் பூட்டிவைக்க வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. குடும்பம் கூடவே இருந்ததால் நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீட்டார் நோயை அருகிலிருந்து பார்த்துப் புரிந்துகொண்டதால் அவர்களுடைய பயமும் குறைந்தது. அதே காலத்தில் வேலூர் சி.எம்.சி.யும் பாகாயத்தில் தொடங்கிய தன் மனநல மையத்தில் குடும்பத்தாரை நோயாளியோடு தங்கவைப்பதையே வழக்கமாக்கிக்கொண்டது. மேற்கத்திய நாடுகள் பின்னாளில் வந்து சேர்ந்த இடத்துக்கு நாம் முன்பே போயிருந்தோம். அந்த முன்னோடிகள் காட்டிய வழி இன்றைக்கு எத்தனை இடங்களில் மிச்சமிருக்கிறது என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அனுபவம் என்பது மருத்துவமனை வாசலுக்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்களின் பங்கு நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம் வரை இருப்பதாகச் சொன்னது. குடிநோயில் அது சுமார் 86 சதவீதம். மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் குணசீலம் கோயிலிலும் ஏர்வாடி தர்காவிலும் மண்டலக் கணக்கில் தங்கிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த காசெல்லாம் கரைந்த பிறகு மருத்துவமனைக்கு வரும் குடும்பங்கள் ஏராளம். அவர்களிடம் "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்று கேட்பதில் ஒரு பயனும் இல்லை. கோயிலில் அவர்களை யாரும் குற்றம் சொல்லவில்லை. உட்காரச் சொன்னார்கள், அழவிட்டார்கள். மருத்துவமனையின் முதல் ஐந்து நிமிடம் அதைவிட மோசமாக இருந்தால் அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள்.

குடிநோய் விஷயத்தில் முதலில் வருபவர் பெரும்பாலும் நோயாளி இல்லை, அவருடைய மனைவியோ அம்மாவோதான். அவர் வரமாட்டேன் என்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்பார்கள். "அவரைக் கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். கூட்டிக்கொண்டு வர முடிந்திருந்தால் அந்த அம்மா ஏன் தனியாக வரப் போகிறார்? நோயாளி வராவிட்டாலும் குடும்பத்தாரை வைத்தே வேலையைத் தொடங்க வழிமுறைகள் உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய கிராஃப்ட் என்ற முறை அப்படிப்பட்டது. போதையில் இருக்கும்போது வாதம் செய்யாமல் தெளிவாக இருக்கும்போது பேசுவது, குடிக்காமல் இருக்கும் நேரங்களைக் கவனித்துப் பாராட்டுவது, அவர் குடித்துவிட்டு வேலைக்குப் போகாத நாளில் மேஸ்திரிக்கோ மேலாளருக்கோ போன் செய்து "காய்ச்சல்" என்று பொய் சொல்லாமல் இருப்பது, அடி விழும் வீடாக இருந்தால் முதலில் தன்னையும் பிள்ளைகளையும் பாதுகாத்துக்கொள்வது என்று இதில் குடும்பத்தாருக்குச் சொல்லித்தருவார்கள். சண்டை போட்டு நெருக்குவதைவிட இப்படிப் பழகும்போது நோயாளிகள் சிகிச்சைக்கு வர அதிகம் சம்மதிக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

இந்த வழி கிடைக்காத இடத்தில்தான் ஆபத்தான குறுக்குவழி நுழைகிறது. "சாப்பாட்டுல கலந்து குடுக்கற மாதிரி ஏதாவது மாத்திரை இருக்கா?" என்ற கேள்வியை மருந்துக்கடையிலும் ஓ.பி.யிலும் அடிக்கடி கேட்கலாம். கேட்பவர் மேல் கோபப்படத் தோன்றாது. வேறு எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார். அவர் கேட்பது பெரும்பாலும் டைசல்ஃபிரம். இந்த மருந்தைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிரே போகலாம். மருந்தை நிறுத்திய பிறகும் ஏறக்குறைய இரண்டு வாரம் இந்த ஆபத்து இருக்கிறது. அதனால்தான் நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதித்த பிறகே இதைக் கொடுக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுத்தால் உடம்புக்கு மட்டும் கேடு வருவதில்லை. என்றைக்காவது விஷயம் தெரியவரும். அதன்பின் மனைவி கையால் சாப்பிடவே பயப்படும் மனிதரை எந்தக் கவுன்சலிங்காலும் எளிதில் மீட்க முடியாது.

இனி, அட்மிட் ஆன பிறகு. குடியை நிறுத்திய முதல் நான்கு நாட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குடும்பங்கள் ஆயுசுக்கும் மறக்காத நாட்கள் அவை, வேறெந்த நாட்களையும்விடக் குறைவாக விளக்கப்படுகிற நாட்களும் அவைதான்.

தினமும் அதிகம் குடிக்கிறவரின் மூளை, மது இருக்கும் நிலைக்கே தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, பதற்றம் தொடங்கும். காலையில் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, மதியம் 12 மணிக்கு டாஸ்மாக் திறக்கும்வரை தவிப்பவர்களைப் பலரும் பார்த்திருப்போம். அவர்களுக்கு வருவது இதுதான். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம் வந்துவிடும்: சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், போர்வையிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கிப் போடுவார், பெற்ற மகளையே யார் என்று கேட்பார். சிகிச்சை இல்லாவிட்டால் இது உயிருக்கே ஆபத்து. வீட்டிலேயே சட்டென்று நிறுத்தச் சொல்லி அறையில் பூட்டிவைப்பது தவறு என்பதற்கு இதுவே காரணம். மருத்துவமனையில் குளோர்டயஸிபாக்சைடு, லோராசிபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். தயமின், அதாவது வைட்டமின் பி1, ஊசியாகப் போடுவார்கள்; அது குறைந்தால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம்.

இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். நேற்றுவரை வெறும் குடிகாரராக இருந்தவர், இன்று இரவு இரண்டு மணிக்கு இல்லாத நாயை விரட்டுகிறார். இறங்கி ஓடாமல் இருக்கக் கையைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். "மருந்து குடுத்து பைத்தியமாக்கிட்டாங்க" என்று அந்த மனைவி முடிவு செய்கிறார். விடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். வீட்டுக்குப் போனதும், குடித்தால் நடுக்கம் அடங்குகிறது என்று கண்டு பழைய இடத்துக்கே போய்விடுகிறார்கள். அட்மிட் ஆன அன்றே ஒரு செவிலியர் உட்கார்ந்து, "நாளைக்கோ நாளான்னைக்கோ இவர் கண்டபடி பேசலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். இது குடியை நிறுத்தினதால வர்றது, மருந்தால இல்ல. ரெண்டு மூணு நாள்ல தெளிஞ்சிடும். லைட்டை எரியவிடுங்க, பேர் சொல்லிப் பேசுங்க, என்ன நாள், எந்த இடம்னு சொல்லிக்கிட்டே இருங்க" என்று சொல்லியிருந்தால் அதே இரவு அவர்களுக்கு வேறு மாதிரி கழிந்திருக்கும். மருந்தும் அதேதான், கட்டிலும் அதேதான்.

மனநல மருந்துகளிலும் இதே கதை நடக்கிறது. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஆனால் வாய் வறட்சி, குமட்டல், தூக்கம் போன்ற பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். இந்த வரிசையை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பத்தாவது நாள் நோயாளி மாத்திரையை நிறுத்துவது முற்றிலும் நியாயமான முடிவாகவே அவருக்குப் படும். நாம் அதற்கு 'ஒத்துழைக்காத நோயாளி' என்று பெயர் வைக்கிறோம்.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் காயம் வேறொரு இடத்தில் இருக்கிறது. அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். மருத்துவர் அண்ணனைப் பார்த்து, "நைட்டு தூங்குறாரா? தனியா பேசுறாரா? மாத்திரை போடுறாரா?" என்று கேட்பார். எல்லாவற்றுக்கும் அண்ணனே பதில் சொல்வார். ஓ.பி.யில் கூட்டம் அதிகம், ஒருவருக்கு மூன்று நிமிடம்தான், உண்மைதான். ஆனாலும் "நீங்க சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?" என்று முதல் கேள்வியை நோயாளியிடம் கேட்க பத்து விநாடி போதும். பக்கவிளைவால் தாம்பத்தியத்தில் சிக்கல், தற்கொலை எண்ணம், மறுபடி குடித்துவிட்டது: இவற்றையெல்லாம் அண்ணன் முன்னால் யார் சொல்வார்கள்?

குடும்பத்தாருக்கோ நேரெதிர்க் குறை: எங்களுக்கு எதையும் சொல்வதில்லை. இரண்டு குறைகளும் ஒரே நேரத்தில் நியாயமானவை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தன் நோய் விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. தெளிவாக இருக்கும் ஒரு நாளில், "உங்க வீட்ல யார்கிட்ட என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?" என்று அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்வதுதான் நல்ல சேவை. அவர் எதையுமே சொல்லக் கூடாது என்றாலும், குடும்பத்தார் சொல்வதைக் கேட்டுக்கொள்வதற்கோ நோயைப் பற்றிப் பொதுவாக விளக்குவதற்கோ எந்தத் தடையும் இல்லை. ரகசியம் காக்க வேண்டும் என்று சொல்லி வீட்டாரிடம் வாயே திறக்காமல் இருப்பதைச் சட்டம் கேட்கவில்லை.

அதே சட்டம் வேறு சில கதவுகளையும் திறந்திருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் இச்சட்டம், மது, போதைப் பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோய்க்குள் சேர்க்கிறது. ஆகவே மறுவாழ்வு மையங்களுக்கும் இது பொருந்தும். நோயாளி தானாக வந்து சேர்வதே இயல்பான முறை. அவர் மறுக்கும்போது சேர்க்க வேண்டுமென்றால், தனக்கோ பிறருக்கோ ஆபத்து போன்ற காரணம் இருக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அப்படியும் முதலில் 30 நாள் வரைதான். வேன் அனுப்பி, நாலு பேர் வந்து, வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போய் மூன்று மாதம் போன்கூடத் தராமல் வைத்திருக்கும் மையங்களுக்குப் பணம் கட்டும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுடைய தவிப்பு புரிகிறது. ஆனால் இப்படிக் கொண்டுபோகப்பட்டவர் வெளியே வந்ததும் முதலில் முறித்துக்கொள்வது அந்தக் குடும்பத்தோடுதான்.

சங்கிலியால் கட்டுவதை இந்தச் சட்டம் முழுமையாகத் தடை செய்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தபோது கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்ததை இந்தத் துறையில் வேலை செய்யும் யாரும் மறக்கக் கூடாது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் மின்அதிர்ச்சி சிகிச்சை தருவதும் இன்று தடை செய்யப்பட்டிருக்கிறது. இன்னொரு ஏற்பாடு பலருக்கும் தெரியாது. 18 வயது நிறைந்த யாரும், எதிர்காலத்தில் தனக்கு மனநோய் முற்றினால் எப்படிச் சிகிச்சை தரலாம், எப்படித் தரக் கூடாது, தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஒருமுறை கடுமையாக நோயுற்று மீண்டவர்களுக்கு இது மிகவும் உதவும். அடுத்த முறை என்ன நடக்கும் என்ற பயம் அவர்களை விட்டுப் பாதி அகன்றுவிடும்.

வீட்டுக்குத் திரும்பிய பின் நடப்பதை மருத்துவமனைகள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் 1950களிலிருந்து செய்த ஆய்வுகளில், ஓயாமல் குறை சொல்வதும், வெறுப்போடு பேசுவதும், அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்ப்பதும் உள்ள வீடுகளுக்குத் திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளுக்கு நோய் அதிகம் திரும்பியது தெரியவந்தது. குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்தச் செய்தியைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, அது பெரிய அநியாயம். குளிக்காமல் படுத்திருப்பது சோம்பேறித்தனம் இல்லை, நோயின் அறிகுறி என்று யாரும் சொல்லித்தராத வீட்டில் திட்டு விழத்தான் செய்யும். சொல்லித்தந்தால் திட்டு குறைகிறது, நோய் திரும்புவதும் குறைகிறது. குடும்பத்துக்கு நோயைப் பற்றிக் கற்றுத்தருவது அதனால்தான் சிகிச்சையின் ஒரு பகுதியாக வைக்கப்படுகிறது. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனையில் குடும்பத்தாருக்கென்று தனி நிகழ்ச்சி நடத்துகிறார்கள். நோயாளி தெளிந்தாலும், பத்து வருடமாகப் பொய்யும் அடியும் பட்ட மனைவி தானாகத் தெளிந்துவிடமாட்டார் என்பதை அனுபவத்தில் அறிந்தவர் நிறுவிய இடம் அது.

மறுபடி குடித்துவிட்டு வருகிறவரை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பது ஒரு சேவையின் தரத்தைக் காட்டிவிடும். சர்க்கரை ஏறி வருகிறவரை "மறுபடியுமா?" என்று யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை. குடிநோயில் அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் வராமல் இருந்துவிடுகிறார்கள். நல்ல மையத்தில், "எந்த இடத்துல வழுக்குச்சு, சொல்லுங்க" என்று தொடங்குவார்கள்.

பராமரிப்பவர்களின் களைப்பைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுத வேண்டும். மாதம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, விடியற்காலையில் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்கும் வயதான அம்மாக்களிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எனக்கு அப்புறம் இவனை யாரு பாப்பா?" 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது; பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சான்றிதழ் பெற்று அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஓ.பி.யில் யாரும் தானாகச் சொல்லாவிட்டால், அங்கிருக்கும் மனநல சமூகப் பணியாளரைக் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் நாளில், பில் கட்டும் அவசரத்தில் விட்டுப்போகும் சில கேள்விகள் உண்டு. நோயின் பெயர் என்ன, ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, எவ்வளவு நாளில் பலன் தெரியும், ஒருவேளை விட்டுப்போனால் என்ன செய்வது, நோய் திரும்பப் போகிறது என்பதற்கு முதல் அறிகுறி எது, நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது. இவற்றை நோயாளியும் வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டு, ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கவும் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், குடும்பத்தாரும் அழைக்கலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104, போதை மீட்புக்கான 14446 ஆகியவையும் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. குடியை விட்டவர்களே நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும், அவர்களுடைய குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டங்களும் கட்டணமில்லாதவை. கணவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும், அவர் வரமாட்டேன் என்றாலும், மனைவி மட்டும் அல்-அனான் கூட்டத்துக்குப் போகலாம்.